அண்ணாச்சியின் அடுப்பங்கரை நோட்டு

எங்கள் குடியிருப்பு வாசலில் இருந்த மளிகைக் கடையில் போய் ஒரு பாக்கெட் பிரெட் கேட்டால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் "யாருக்கு ஜொரம்?" என்று கேட்பார். நீங்கள் இரண்டு பேரும் பிறப்பதற்கு முந்தைய காலம் அது. அப்போது பிரெட் என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. பாலில் தோய்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவது. உடம்பு நன்றாக இருக்கிறவர் வீட்டுக்குள் பிரெட் பாக்கெட் போவதைப் பார்த்தால் எதிர் வீட்டுக்காரர் மிளகுக் கஷாயத்தோடு வந்து கதவைத் தட்டிவிடுவார்.

எங்கள் மாடி வீட்டு அண்ணாச்சி வாரத்தில் நான்கு நாள் பிரெட் வாங்கினார்.

கடைக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"இன்னா அண்ணாத்த, உங்க மாடி வூட்ல யாருக்குன்னா டைபாய்டா? ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவச் சொல்லக் கூடாதா?"

"ஜொரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பசங்களுக்குக் காலைல நாஸ்தா பண்றாரு. முட்டையில தோச்சு சுடறது. பிரெஞ்ச் டோஸ்ட்டுன்னு பேரு."

"அவரா சுடறாரு? ஊட்டுக்காரம்மா இன்னா பண்ணுது?"

"அது நர்ஸு. சவுதில கீது. ரெண்டு வருசம் காண்ட்ராக்டு."

கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, "அப்போ ஜொரம் அவுருக்குத்தான்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கக் கூடாது. ஏனென்றால் நான் எழுதப்போவது, எதையும் மறைக்கத் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து ஆட்களை அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். ஒல்லியான உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. கடலோரத்து பிளான்டில் டெக்னீஷியன் வேலை. நான் பத்தாவது பெயில். குடியிருப்பின் எலக்ட்ரிக் பிரிவில் பியூஸ் போடுகிற, பல்பு மாற்றுகிற ஆள். அவர் மாடியில், நானும் உங்கள் அம்மாவும் கீழே. நான்கு வருடம் அப்படி இருந்தோம்.

அவருடைய பிளான்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு நோட்டு. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எது தப்பாகப் போனது, எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். பேனாவால்தான் எழுத வேண்டும், பென்சில் கூடாது. தவறாக எழுதிவிட்டால் கிறுக்கி மறைக்கக் கூடாது. பக்கத்தைக் கிழிக்கவே கூடாது. மேலே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி. பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து, மணி. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் முந்தைய பக்கத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எதையும் தொடலாம்.

அங்கே வேலை பார்த்த எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபின் அந்த வழக்கத்தைக் கழற்றி வைக்காதவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கேரம் விளையாடும்போது விரல் லேசாகக் காயைத் தொட்டுவிட்டால், எதிரே இருப்பவன் கவனிக்காவிட்டாலும், "என் கை பட்டுட்டு" என்று ஸ்டிரைக்கரைத் தள்ளிவிடுவார். அவரோடு ஜோடி சேர யாரும் வரமாட்டார்கள். ஒருமுறை திருக்கழுக்குன்றம் மலைக்குப் போய்விட்டு வந்தவர், வீட்டு வாசலில்தான் காலைப் பார்த்தார். செருப்பு அவருடையது இல்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு, அந்தச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்தில் மத்தியானம் வரை நின்றார். இறங்கி வருகிறவர்களின் காலையெல்லாம் பார்த்தபடி. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. சாயங்காலம் வெறுங்காலோடு திரும்பினார்.

"செருப்பு இன்னாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அடிவாரத்துக் கடைக்காரம்மாகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன் தம்பி. உடையவன் வந்தா குடுக்கச் சொல்லி."

"உங்கள்து?"

"அது அவன் கால்ல போயிட்டு. அதுக்கு நான் என்ன செய்ய?"

உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தாளு எப்பிடிய்யா ரெண்டு பொண்ணு வளக்கப் போறாரு?" என்று என்னிடம் கேட்டாள். அப்போது அது விளையாட்டுக் கேள்வி.

மனைவி சவுதி போன முதல் வாரத்திலேயே அண்ணாச்சி இரவு ஷிப்ட் இல்லாத வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெரியவள் செல்விக்கு ஒன்பது வயது, சின்னவள் மீனாவுக்கு ஐந்து. பள்ளிக்கூட வேன் எட்டே காலுக்கு. அவருக்கு இட்லி மாவு புளிக்காது, தோசை கல்லைவிட்டு வராது. பிள்ளைகள் டீயும் முறுக்குமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். கரையோர ஓட்டல் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பொன் நிறத்தில் எதையோ வெட்டி வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மீனா அந்தத் தட்டைவிட்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டாள். அண்ணாச்சி நேராகச் சமையல்கட்டு வாசலுக்குப் போய், உள்ளே இருந்த சமையல்காரரிடம் கேட்டார்.

"அது ஒண்ணியும் இல்ல சார். முட்டை, பால், சக்கரை அட்ச்சிக்க வேண்டியது. பிரெட்ட அதுல தோச்சு கல்லுல போட வேண்டியது. அவ்ளோதான்."

அவ்வளவுதான் இல்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி ஒரு நீள நோட்டு வாங்கி, மூலையில் துளை போட்டு, சணல் கயிறு கட்டி, அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டார். சுவிட்ச் பழுது பார்க்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் படித்திருக்கிறேன். பல வரிகள் இன்னும் மனப்பாடம்.

"திங்கள். இன்று வாங்கிய பிரெட். முட்டையில் போட்டதும் கரைந்தது. கரண்டியால் அள்ளினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். சாப்பிடவில்லை."

"புதன். தீ அதிகம். வெளியே கருகல், உள்ளே பச்சை முட்டை வாடை. தவறு என்னுடையது, கல்லுடையது அல்ல."

"வெள்ளி. முட்டை கூடாத நாள். ரவை உப்புமா. கட்டி."

"சனி. நேற்று வாங்கிய பிரெட். ஒரு பக்கத்துக்கு எட்டு எண்ணும் வரை ஊறல். சின்னத் தீ. உடையவில்லை. சின்னவள் இரண்டு சாப்பிட்டாள். மூன்றாவது கேட்டாள். இல்லை."

அந்தச் சனிக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்த வெண்ணெய் வாசனை இன்றும் நினைவில் இருக்கிறது. சர்க்கரை லேசாகக் கருகும்போது வருமே, அந்த வாசனை. அண்ணாச்சி ஒரு தட்டில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். "தங்கச்சி, நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லணும், கேட்டியா" என்று உங்கள் அம்மாவிடம் நீட்டினார். அவள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "ஐயோ, இதுக்கா ஜொரம்னு சொன்னாங்க!" என்றாள். அதையும் மேலே போய் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒருநாள் வேறு மாதிரி ஆயிற்று. சர்க்கரையும் தூள் உப்பும் ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் இருந்தன. அவசரத்தில் கை மாறிவிட்டது. மீனா ஒரு வாய் வைத்ததும் துப்பினாள். வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் செய்ய நேரம் இல்லை. அந்தப் பக்கத்தில் முதலில், "பிள்ளைகள் டிபன் சாப்பிட மறுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு கோடு. அதற்குக் கீழே, "சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். ருசி பார்க்கவில்லை. பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் போனார்கள்." கையெழுத்து. மணி எட்டு இருபது. அடுத்த மாதம் பார்த்தபோது உப்பு பாட்டிலில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, அண்ணாச்சியின் மைத்துனர் வந்து இறங்கினார். சவுதியில் இருக்கும் அந்த அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். பெரிய மீசை, பெரிய குரல். மாடியில் பேசினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாதாம்.

"மாப்ள, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். ரெண்டு பொட்டப் பிள்ளையள ஆம்பள ஒருத்தன் வச்சு வளக்க முடியாது. என் வீட்டுல நாலு கிடக்கு, இதுக ரெண்டும் சேர்ந்து வளரட்டும். அவ திரும்பி வந்ததும் கூட்டிக்கிடுங்க. நாளைக்கு மத்தியான பஸ்ஸு."

அண்ணாச்சியின் பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் குரல் எப்போதும் அப்படித்தான். தாய்மாமன் கேட்டால் இல்லை என்று சொல்ல அந்தக் காலத்தில் யாருக்கும் எளிதாக வாய் வராது. அதுவும் அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தங்கை பிள்ளைகள் மேல் அவருக்கு உயிர்.

சாயங்காலம் மாமா பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நான் சுவிட்ச் பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். அண்ணாச்சி பிள்ளைகளின் சீருடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அந்த நோட்டு ஆணியிலயே தொங்குது. உங்க மச்சான் கண்ல பட்டா அவ்ளோதான். அந்த உப்புப் பக்கத்தையாவது கிழிச்சிடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நான் என்ன சொல்கிறேன் என்று புரியாதவர் போலப் பார்த்தார்.

"கிழிச்சா மத்தப் பக்கத்த யாரு நம்புவா தம்பி? நானே நம்ப மாட்டேனே."

"பிள்ளைங்கள இட்டுகினு போயிடுவாரு அண்ணாச்சி!"

"போனா..." என்றார். மீனாவின் சட்டைக்குப் பட்டன் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

நான் தப்பு செய்தது அப்போதுதான். அவர் உள்ளே அலமாரிக்குப் போன நேரத்தில் நோட்டை ஆணியிலிருந்து கழற்றி என் டூல்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். மாமா ஊருக்குப் போனதும் மாட்டிவிடலாம் என்று கணக்கு.

மறுநாள் காலை ஏழு மணி ஆயிற்று. மாடியில் அடுப்புச் சத்தம் இல்லை, வெண்ணெய் வாசனை இல்லை. மீனா மட்டும் படியிறங்கி வந்து என்னிடம் கேட்டாள்.

"மாமா, எங்க நோட்டப் பாத்தீங்களா? நேத்து எழுதினதப் படிச்சுக் கையெழுத்து போடாம அப்பா அடுப்பு பத்த வைக்க மாட்டேங்காங்க. எனக்குப் பசிக்கு."

உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?" என்றாள். அவள் டூல்ஸ் பையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

மாடியில் மாமா நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே முட்டை, பால், நேற்றைய பிரெட், சிவப்பு டேப் ஒட்டாத பாட்டில், எல்லாம் வரிசையாக. அண்ணாச்சி தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, அடுப்பு பத்த வைக்க நல்ல நேரம் பாக்கியளோ? ராகு காலம் சாயந்தரம்தான் வே!"

நான் நோட்டை நீட்டினேன். எனக்குத் தலை நிமிரவில்லை. அண்ணாச்சி அதை வாங்கி, முந்தின நாள் பக்கத்தைப் படித்து, கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

"இருபது நிமிசம் தாமசம். காரணம் எழுதணும். நீங்க எடுத்தியளா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"எழுதட்டுமா?"

"எழுதுங்க."

எழுதினார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். "நோட்டு இல்லாததால் தாமதம். கீழ் வீட்டுத் தம்பி, என் நல்லதை நினைத்து, எடுத்து வைத்திருந்தார்." 'என் நல்லதை நினைத்து' என்பதை நான் கேட்கவில்லை. அவராகப் போட்டது.

"அது என்ன நோட்டு? இங்க கொண்டாங்க" என்றார் மாமா.

அண்ணாச்சி கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். எட்டு எண்ணி ஊறவைத்துத் திருப்புகிற மனிதருக்குப் பின்னால், மைத்துனர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கரைந்த பிரெட், கருகிய பிரெட், கட்டி உப்புமா. மீசை மேலும் கீழும் ஆடியது. ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"'பிள்ளைகள் பசியோடு பள்ளிக்கூடம் போனார்கள்.' இது என்ன மாப்ள? நீங்களே எழுதி வச்சிருக்கிய!"

"நடந்தது மச்சான்."

"இத அப்படியே என் தங்கச்சிக்கு எழுதினா அவ அங்க சோறு திம்பாளா?"

அண்ணாச்சி முதல் துண்டைத் தட்டில் எடுத்து வைத்தார். "அவளுக்கு எழுதியாச்சு. மாசாமாசம் எல்லாப் பக்கமும் பார்த்து எழுதி அனுப்பிருதேன். தூரத்துல இருக்கவளுக்கு நல்லத மட்டும் எழுதினா, அவ பயந்துகிட்டே இருப்பா. இது அவளுக்குத் தெரியணும். உப்பு பாட்டில்ல டேப் ஒட்டச் சொன்னதே அவதான். போன்ல."

செல்வி ஓடி வந்து அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "ஆனா மாமா, அன்னைக்கு இன்டர்வெல்ல அப்பா பெர்மிஷன் போட்டு ஓட்டல்ல இட்லி வாங்கிக் கொண்டாந்தாங்க. அத மட்டும் எழுதல பாருங்க."

"அது தப்பு இல்லைல்லா, எழுத எதுக்கு?" என்றார் அண்ணாச்சி, கல்லைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாமா இன்னும் சில பக்கம் திருப்பினார். நடுவில் எழுத்து மாறியது. உருண்டை உருண்டையான எழுத்து. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். "'ஞாயிறு. நான் முட்டை உடைத்தேன். ஓடு விழுந்தது. எடுத்தேன் என்று அப்பாவிடம் சொன்னேன். எல்லாம் எடுக்கவில்லை. மீனா வாயில் ஒன்று அகப்பட்டது. செல்வி.'" அதிலும் முதலில் எழுதியிருந்த 'எல்லாம் எடுத்தேன்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு.

"இது யாரு எழுதச் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. ஞாயித்துக்கிழம என் முறை, நீங்க வந்ததால இன்னைக்கு அப்பா. அப்ப நான்தான எழுதணும்?"

"அப்பா ஏசுனாவளா?"

செல்விக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எதுக்கு?" என்று கேட்டாள்.

மாமா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமாகூட ஊருக்கு வாரியளா ரெண்டு பேரும்?"

மீனா அப்பாவைப் பார்த்தாள். அண்ணாச்சி திரும்பவில்லை. அவர் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. திருப்ப வேண்டிய நேரம் தாண்டிப் போய்விட்டது. அந்தத் துண்டு கருகும் வாசனை எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை.

"லீவுக்கு வாரோம் மாமா" என்றாள் செல்வி. "பள்ளிக்கூடம் இருக்குல்லா."

கருகிய துண்டை மாமாதான் சாப்பிட்டார். அண்ணாச்சி வேறு தருகிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. "பேச்சு குடுத்தது நான்லா" என்றார்.

பிள்ளைகளே, நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பெரிய மனிதர்களோடு பழகியவனும் இல்லை. ஆனால் தன்னுடைய குறையைத் தானே எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டிவிட்டு, அதன் கீழே நிமிர்ந்து நின்று பிள்ளைகளுக்குச் சமைத்த ஒருவரின் கீழ் வீட்டில் நான் குடியிருந்தேன். அந்த நோட்டில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. தப்பு செய்தவன் என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் அதில் இருக்கிறேன் என்பது எனக்குப் பெருமை.

மத்தியானம் மாமாவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் மட்டும்தான். செங்கல்பட்டு பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்க வீட்டுல நாலு பிள்ள. மூத்தவனுக்கு வயசு பதினாலு. அதுல எது என்னைக்குப் பசியோட பள்ளிக்கூடம் போச்சுன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது வே."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவர் ஏறிக்கொண்டார்.